மடை யார் கையில்

அழகர்கோவில்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதமும் கூட அனுப்பியிருந்த திட்ட அறிக்கையும் வந்தன. உங்க மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை மட்டும் படித்தார். "பசுமைப் புத்தாக்கம்னா என்ன?" என்று கேட்டார். "சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன பட்டு உடுத்தியிருக்கிறார் என்று எட்டி எட்டிப் பார்ப்பீர்களே, பச்சை என்றால் அந்த வருசம் செழிப்பு என்று, கிட்டத்தட்ட அதுதான்" என்றேன். "அப்ப நம்ம ஊர்ல அது ரொம்ப நாளா இருக்கு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மீதிப் பக்கங்களை நான் இரண்டு தரம் படித்தேன்.

இந்தோனேசியாவில் நீ இருக்கிற பாலங்கராயாவில் பீட் நிலத்துக்குத் தண்ணீர் திரும்பக் கட்டி, அதில் மீன் வளர்த்து, அங்குள்ள குடும்பங்களுக்கு வருமானம் வர வைக்கிறார்கள். இதையே நம்ம கண்மாயில் செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். மிதவைக் கூண்டு, சூரிய ஒளியில் ஓடும் காற்றூட்டி, தீவனம் தின்னப் பழக்கிய விரால் குஞ்சு, கடைசியில் கரிம வரவு விற்பனை என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். தை மாதம் ஊருக்கு வரும்போது சங்கத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாய். பேசலாம். அதற்கு முன்னால் என் மனதில் பட்டதை எழுதிவிடுகிறேன். செல்போனில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால்தான் தாளில்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் பாசனதாரர் சங்கக் கூட்டத்தில் உன் ஊர்க் கதையை நான் சொன்னேன். பீட் நிலம் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. இலையும் கிளையும் வேரும் தண்ணீருக்குள்ளேயே விழுந்து, காற்றுப் படாததால் மக்காமல், ஆயிரக்கணக்கான வருசம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த நிலம், சில இடங்களில் பத்து மீட்டர் ஆழத்துக்கும் மேல் என்றேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அப்புறம் ஊறுகாய் ஜாடியைச் சொன்னேன். மாங்காய் உப்புத்தண்ணீருக்குள் அமுங்கி இருக்கிற வரைக்கும் கெடாது, மேலே துருத்திக்கொண்டிருக்கிற துண்டில்தான் பூசணம் பிடிக்கும். அந்த நிலமும் அப்படித்தான், தண்ணீர் இறங்கிவிட்டால் கெட ஆரம்பிக்கும், காய்ந்தால் தீப்பிடிக்கும் என்றேன். பெண்கள் பக்கம் உடனே புரிந்துவிட்டது.

பூமியின் நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் இந்த மாதிரி நிலம். ஆனால் உலகத்துக் காடுகள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிற கரியைப்போல் இரண்டு மடங்கு அதற்குள் இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது பெரிதாக யாரும் அசைந்து கொடுக்கவில்லை. அசைந்தது நெல் விசயத்தில்தான். 1995-ல் அதிபர் சுகார்த்தோ மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் காட்டை நெல் வயலாக்குகிறேன் என்று கிளம்பியதையும், 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டியதையும், அந்தக் கால்வாய்கள் தண்ணீரைக் கொண்டுவருவதற்குப் பதில் நிலத்திலிருந்த தண்ணீரை எல்லாம் ஆற்றுக்கு வடித்துவிட்டதையும் சொன்னேன். "நெல்லு விளையிற மண்ணான்னு ஒருத்தன்கூடவா பாக்கல?" என்று முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் எழுந்தே விட்டார். பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள் ஐயா, கேட்கிறவர்கள் இல்லை என்றேன்.

1997-ல் மழை பொய்த்தபோது அந்த வடிந்த நிலம் மாதக்கணக்கில் எரிந்தது. சூசன் பேஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2002-ல் நேச்சர் இதழில் போட்ட கணக்கின்படி, அந்த ஒரு வருசத்தில் இந்தோனேசிய பீட் நிலத் தீயிலிருந்து வானத்துக்குப் போன கரி 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன் வரை. உலகம் முழுக்க ஒரு வருசத்தில் பெட்ரோலும் நிலக்கரியும் எரித்து வெளியேற்றுவதில் 13 முதல் 40 விழுக்காடு. அடுத்த வருசம் சுகார்த்தோ பதவி இழந்தார், திட்டமும் கைவிடப்பட்டது. கால்வாய்கள் மட்டும் அப்படியே கிடந்தன. 2015-ல் மறுபடி 26 லட்சம் ஹெக்டேர் எரிந்த பிறகுதான் 2016 சனவரியில் பீட் நில மீட்புக்கென்று தனி முகமை அமைத்தார்கள். நீ இருக்கிற வேலையும் அந்த வழியில் வந்ததுதானே.

உன் போன கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மீன் இல்லை, கால்வாய் அடைக்கிற பகுதி. நிலத்தடித் தண்ணீர் மேல்மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றாய். அதற்காகக் கால்வாய்க்குக் குறுக்கே மரத்தடி அடித்து மண் நிரப்பி அணை போடுகிறார்கள். அந்தக் கால்வாய் வழியாகப் படகில் போய்ப் பழகியவர்களுக்கு அது இடைஞ்சல், அதனால் சில இடங்களில் ராத்திரியோடு ராத்திரியாக உடைத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியதும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நம்ம கலுங்கில் பலகை வைத்ததும், அதை யாரோ பிடுங்கியதும், அதற்காகப் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் சத்தியம் பண்ண அழைத்ததும் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நடந்ததுதான்.

சரி, மீனுக்கு வருகிறேன். அந்தக் கறுப்புத் தண்ணீரில் புளிப்பு அதிகம், காரஅமிலக் குறியீடு 3, 4 என்று நிற்கும், கரைந்த காற்றும் குறைவு. கட்லாவும் ரோகுவும் அதில் விட்டால் நாலு நாள் தாங்காது. தாங்குகிறது எது என்று பார்த்தால் விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை. மூன்றும் மேலே வந்து வாயால் காற்றுக் குடிக்கிற மீன்கள். மூன்றும் நம்ம கண்மாய்ச் சேற்றிலும் கிடக்கிறவை. பாப்புயு என்று நீ படம் அனுப்பிய மீனைப் பார்த்ததும் உங்க மாமா "அட, நம்ம பனையேறி" என்றார். அதே இனம்தான். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளக்கரைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கையால் எடுத்தேன் என்று எழுதி, 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது வெளியாகியிருக்கிறது. மரம் ஏறுமோ ஏறாதோ, மழைநாளில் செவுள்மூடி முள்ளை ஊன்றித் தரையில் நகர்ந்து போகும். நானே வரப்பில் பார்த்திருக்கிறேன். பஞ்சர்மாசினில் அதைச் சுட்டுத் தின்ன அவ்வளவு அடிதடி என்று எழுதியிருக்கிறாய். இங்கே முள் அதிகம் என்று பூனைக்குப் போடுகிறார்கள்.

பேஜே பற்றி நீ எழுதிய இரண்டு பக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பீட் காட்டில் நீளமாக ஒரு குழி வெட்டி வைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகிக் காடு முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது மீன் தானாக வந்து மேய்கிறது. தண்ணீர் வடியும்போது அந்தக் குழியில் போய் ஒண்டிக்கொள்கிறது. கோடையில் குழிக்காரர் இறைத்துப் பிடிக்கிறார். குஞ்சு வாங்குவதில்லை, தீவனம் போடுவதில்லை. தாயக் மக்களும் பஞ்சார் மக்களும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்துவந்தது. மீட்பு வேலை தொடங்கியபிறகு, அடைத்த கால்வாயின் துண்டுகளையே இதுபோல மீன் குளமாக்கினார்கள். அது தீ பரவாமல் தடுக்கவும் தண்ணீர் இறைக்கவும் ஆயிற்று. உன் திட்ட அறிக்கை முழுவதிலும் உருப்படியான விசயம் இதுதான் என்பேன். அதைப் போய் பின்னிணைப்பில் போட்டிருக்கிறாய்.

இனி மறுப்புகள். நம்ம கண்மாய் பீட் நிலம் கிடையாது தாயி. தமிழ்நாட்டில் பீட் என்று பார்த்தால் முக்கியமாக நீலகிரி மேட்டு ஓடைச் சதுப்புகளில் இருக்கிறது. அங்கே எடுத்த பீட் மண்ணை வைத்து ராமன் சுகுமாரும் மற்றவர்களும் 20,000 வருசத்துக்கு முந்தைய மழையையும் புல்லையும் கணித்து 1993-ல் எழுதினார்கள். அது குளிர்ந்த மலை, அங்கே மீன் வளர்க்க இடமில்லை, அந்தச் சதுப்பைக் காய்கறிக்கு வெட்டாமல் விட்டாலே பெரிய புண்ணியம். இங்கே நம்ம உள்வாயில் படிகிற வண்டல் ஒவ்வொரு சித்திரை, வைகாசியிலும் வெயிலில் வெடித்து, அதிலிருக்கிற கரி காற்றோடு போய்விடுகிறது. தண்ணீர் நிற்கும்போது சேற்றிலிருந்து மீத்தேன் வேறு வரும். அங்கேயும் தண்ணீர் கட்டினால் மீத்தேன் வரும்தான், ஆனால் எரியாமலும் மக்காமலும் மிச்சமாகிற கரி அதைவிட மிகப் பெரிது. நமக்கு அந்த மிச்சம் இல்லை. ஆகையால் கரிம வரவு விற்கிற அத்தியாயத்தைக் கிழித்துவிடு. இல்லாத சரக்குக்கு விலை பேசினால் ஊரில் நம்மை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

உன் நிலத்துக்கு நம்ம பக்கத்தில் உறவு தேட வேண்டுமென்றால் குட்டநாட்டுக்குப் போக வேண்டும். அம்பலப்புழை கோயிலுக்குப் போனபோது உங்க மாமாவும் நானும் புறக்காட்டுப் பக்கம் கரி நிலம் பார்த்தோம். பெயருக்கேற்றபடி கறுப்பு. உழுதால் பழைய மரக்கட்டை வெளியே வரும், மண்ணில் அவ்வளவு அமிலம். காய விட்டால் புளிப்பு ஏறும் என்பதால் அதற்கும் தண்ணீர்தான் மருந்து. நெல் அறுத்தபிறகு தண்ணீர் விட்டு மீன் வளர்க்கிற 'ஒரு நெல்லும் ஒரு மீனும்' திட்டம் கேரளத்தில் இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த நம்ம எம்.எஸ். சுவாமிநாதனின் பூர்வீகம் அங்கே மங்கொம்புதான். 2007-ல் குட்டநாட்டுக்கென்று அவருடைய நிறுவனம் அறிக்கையே கொடுத்தது. ஆனால் அங்கே படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தபோது அவர் மீனைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் பேசவில்லை. தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவைப் பற்றித்தான் பேசிக்கொண்டே வந்தார். உப்புத்தண்ணீர் வராமலிருக்க நெல்காரர்கள் மூடியே வைக்கச் சொல்வார்கள், மீனும் இறாலும் ஏறிவர மீன்காரர்கள் திறக்கச் சொல்வார்கள். எழுபதுகளில் கட்டிய அணை, இன்னமும் ஒவ்வொரு வருசமும் அதே பஞ்சாயத்து.

கலிமந்தான் கால்வாய், தண்ணீர்முக்கம், நம்ம மடை, மூன்றிலும் ஒரே வழக்கு. தண்ணீரை எப்போது நிறுத்துவது, எப்போது விடுவது என்று முடிவு பண்ணுகிற கை யாருடையது? மீன் வளர்க்கிற எந்தத் திட்டமும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வர வேண்டும். உன் அறிக்கையில் தண்ணீர் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே முதல் வரி தொடங்குகிறது.

நம்ம நிலைமையை மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். வருசா வருசம் அறிவிப்பில் இதே எண்கள்தான் வரும். பெரியாறு அணை கட்டிய 1895-லிருந்து நாம் அந்தக் கால்வாயின் கடைசிப் பிள்ளைகள். புரட்டாசி வாக்கில் கால்வாயில் தண்ணீர் வரும், ஐப்பசி, கார்த்திகையில் அழகர்மலை ஓடைகள் வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் மறுகால் பாயும், ஒன்று தவறினால் அரைக் கண்மாய். தை, மாசியில் அறுவடை. சித்திரையில் உள்வாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மீனுக்குக் கிடைப்பது ஆறு மாதம், நல்ல வருசத்தில் ஏழு. இதில் கூண்டு போட்டு விராலைக் கிலோ எடைக்குக் கொண்டுவருவது காகிதத்தில்தான் நடக்கும்.

அடுத்தது மீன்பாசி ஏலம். இது உனக்குப் புதிதாக இருக்காது, ஆனால் இப்போது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள். ஏலம் எடுக்கிறவர் பெரும்பாலும் ஊர்க்காரர் இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவார். கட்லா மேல்தண்ணீரில், ரோகு நடுவில், மிர்கால் அடியில் மேய்கிற மீன்கள் என்பதால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை; படிப்பு என்ற வகையில் நல்ல படிப்பு, நானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அவர் குத்தகைப் பணத்தை எடுத்தாக வேண்டும். சீக்கிரம் பெருக்க வேண்டும் என்று கோழிக்கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களும் உண்டு. தைக் கடைசியில் நெல்லுக்கு இன்னும் ஒரு தண்ணீர் வேண்டியிருக்கும்போது, கண்மாயில் தண்ணீர் கூடுதலாக நின்றால் வலைக்கு மீன் அகப்படாது என்று அவருக்கு அவசரம். சில வருசம் முந்தி ஒரு காலையில் போய்ப் பார்த்தால் மடை திறந்து கிடந்தது, தண்ணீர் யாருக்கும் உதவாமல் ஓடையில் போய்க்கொண்டிருந்தது. யார் திறந்தது என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மடைச்சாவி வைத்திருக்கிற நீர்பாய்ச்சி மட்டும் இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார். அவருக்குக் களத்தில் நெல் அளந்து கொடுக்கிற வழக்கம் தேய்ந்துபோய்விட்டது. அப்புறம் அவர் எந்த அதிகாரத்தில் சாவியை இறுக்கிப் பிடிப்பார்?

மீன் இனங்களைப் பற்றியும் சொல்கிறேன். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது, வந்ததிலிருந்து அது இல்லாத கண்மாய் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-த்திலேயே தடை செய்துவிட்டது, ஆனாலும் குட்டைகளில் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வெள்ளத்தில் அது தப்பி வந்தால் அயிரை, குரவை, விரால் குஞ்சு எல்லாம் அதன் வயிற்றுக்குள். மதுரைக் கடையில் அயிரைக் குழம்பு என்ன விலை விற்கிறது தெரியுமா? மணலும் வண்டலும் கலந்த ஓரத்தில் சும்மா கிடந்த மீன். கண்மாயை இயந்திரம் விட்டுச் சட்டிபோல் ஒரே மட்டமாகத் தோண்டித் தள்ளினால் அந்த ஓரமே இருக்காது. வண்டல் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வயலுக்குக் கரம்பை அடிப்பது நல்லது, அரசாங்கமும் விவசாயிக்கு இலவசமாக அனுமதிக்கிறது. எங்கே எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்று சங்கம் குச்சி ஊன்றிக் காட்ட வேண்டும். 2017-ல் குடிமராமத்து என்று மறுபடி ஆரம்பித்தபோது சில ஊர்களில் அப்படிச் செய்தார்கள். மதுரையிலேயே இருக்கிற தானம் அறக்கட்டளை கண்மாய் வேலையைச் சங்கம் கட்டுவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. மண்வெட்டி அதற்கப்புறம்தான். நீ வரும்போது அவர்களோடும் பேசு.

இந்த வருசம் மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் மீன்பிடித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அந்தக் கண்மாயை அவர்கள் ஏலத்துக்கு விடுவதில்லை. விடியும் முன்பே சுற்றுப்பட்டி சனம் ஊத்தா, கச்சா, வலை என்று தூக்கிக்கொண்டு கரையில் வந்து நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுக் கரையேறி வெள்ளைத்துணியை வீசினார்கள், அவ்வளவுதான், கரையிலிருந்து ஆயிரம் பேர் ஒரே பாய்ச்சல். யாரும் மீனை விற்பதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாமிக்குப் படைத்துச் சாப்பிடுவார்கள். அப்படிச் செய்தால் அடுத்த வருசம் மழை தப்பாது என்று நம்பிக்கை. மழையை நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: வெள்ளை வீசுகிற வரைக்கும் அந்தக் கண்மாயில் ஒரு பிள்ளைகூடத் தூண்டில் போடுவதில்லை, மடையை ஒருவரும் தொடுவதில்லை. காவலுக்கு ஆள் கிடையாது. ஒரு பெண்ணின் ஊத்தாவுக்குள் தொடை கனம் விரால் ஒன்று அகப்பட்டது. குஞ்சு விட்டவர் யாரும் இல்லை, வருசா வருசம் ஏதோ ஒரு பள்ளத்தில் தப்பிப் பிழைத்த தாய்மீனின் வம்சம்தான் அது. உன் பேஜே அங்கேதான் எனக்கு நினைவு வந்தது.

எனவே என் யோசனை சின்னது. உள்வாயில், கரையை விட்டு நன்றாகத் தள்ளி, மடை மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம் வெட்டுவோம். மடை வழியாக எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் மிஞ்சும். மாடு இறங்கி ஏறுகிற சரிவு ஒரு பக்கம் வேண்டும், குளிக்கிற பிள்ளைகள் தவறி விழுந்தாலும் கால் எட்ட வேண்டும். மண் கொள்ளை போன குழிகளில் நம்ம பக்கம் எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். பள்ளத்தைச் சுற்றிக் கோரை நிற்கட்டும். முதல் மழையில் விரால் சோடி சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டு வரும் பார், அந்த மாதம் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது என்று ஊர்க்கட்டு. கலுங்கில் மீன் தப்பாமல் தட்டி. தீவனம் கிடையாது, காற்றுக் குடிக்கிற மீனுக்குக் காற்றூட்டியும் தேவையில்லை. கட்லா, ரோகு வேண்டுமென்றால் மழை உறுதியான பிறகு விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சாக விடலாம், அது தனிக் கணக்கு.

பெரிய வேலை பத்திரத்தாளில்தான் இருக்கும். மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டு, அந்தக் குறிக்குக் கீழே தண்ணீர் இறங்கும்படி ஏலதாரர் எதுவும் செய்யக்கூடாது என்று ஏலப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். உங்கள் ஊர் 40 சென்டிமீட்டர் விதியை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். மீன்பாசிப் பணத்தில் ஒரு பங்கு நீர்பாய்ச்சியின் சம்பளத்துக்கு என்று ஒதுக்க வேண்டும். மடையின் சாவி வைத்திருக்கிறவர் மீன் லாபத்தில் பங்குதாரராகவும், நெல்காரர்களிடம் சம்பளக்காரராகவும் ஒரே நேரத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் அவரை மிரட்ட முடியாது. இதெல்லாம் போட்டோ எடுத்துப் போடுகிற மாதிரி இருக்காது. உனக்கு நிதி கொடுக்கிறவர்களுக்கு மிதவைக் கூண்டும் சூரியத்தகடும் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஒரு கல்லும் ஒரு பத்திரமும் அழகாக இருக்காது. அவர்களை எப்படிச் சமாளிப்பது என்பது உன் சாமர்த்தியம்.

மலையைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்துவிடு. மேலே மலை கெட்டால் கீழே எந்தப் பள்ளம் வெட்டியும் புண்ணியமில்லை. அரிட்டாபட்டியை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், ஊற்றும் கண்மாயும் நிறைந்த ஊர். இரண்டே வருசத்தில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூரிலிருந்து தல்லாகுளம் வரை சனம் திரண்டு போனதை நீ அங்கிருந்து காணொளியில் பார்த்திருப்பாய், உங்க மாமாவும் போயிருந்தார், திரும்பி வந்து இரண்டு நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். 2025 சனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். மடைக்காகச் சண்டை போட்டுக்கொள்கிற ஊர்களெல்லாம் அன்றைக்கு ஒரே சாலையில் நடந்தன. அதனால்தான் இந்தக் கல் நடுகிற யோசனை அடியோடு நடக்காது என்று எனக்குத் தோன்றவில்லை.

தை மாதத்துக்குள் அங்கே சில விசயம் விசாரித்து எழுது. ஒரு பேஜே குழி யாருக்குச் சொந்தம், அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகுமா, ஊருக்குப் பொதுவா? இரண்டு குடும்பத்துக்கு வழக்கு வந்தால் யார் தீர்ப்பது? கால்வாய் அணையை உடைக்காமல் படகு போக வழி வைத்த ஊர் ஏதாவது இருக்கிறதா, வைத்திருந்தால் எப்படி? குழியின் ஆழமும் கரைச்சரிவும் அளந்து ஒரு படம் வரைந்து அனுப்பு, இங்கே மண்வெட்டு மேஸ்திரியிடம் காட்ட வேண்டும். மீனின் வளர்ச்சி வீதம் பற்றிய அட்டவணை எனக்கு வேண்டாம்.

உன் அப்பா நன்றாக இருக்கிறான். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் கோயில் வாசலில் தோசையைக் கண்டால் நிற்கிறான். நீ அடுத்த தரம் போன் பண்ணும்போது நான் சொன்னதாகச் சொல்லாமல் கண்டித்து வை. அங்கே ஆபரேசன் ஆனவர்களுக்கு விரால் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதிலிருந்து பக்கத்துவீட்டு அக்கா தன் மருமகனுக்காக விரால் தேடி அலைகிறாள். உங்க மாமா ஒன்று சொல்லச் சொன்னார்: பனையேறிக் கருவாடு அங்கே கிடைத்தால் கொஞ்சம் கொண்டுவர முடியுமா, விமான நிலையத்தில் விடுவார்களா என்று விசாரிக்க வேண்டுமாம். உயிர்மீன் எதையும் கொண்டு வந்துவிடாதே, அதை நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை